தலைமடை வீடு, கடைமடை வீடு: டெல்டாவில் ஓய்வுக்காலம், ஏழு நாள் குறிப்பு

முதல் நாள்: திருச்சி, கல்லணை, திருவையாறு

முப்பது வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட, கணவனும் மனைவியுமாக டெல்டா கிராமத்துக்குத் திரும்பிக் குடித்தனம் போடுகிறவர்கள் இங்கே பல ஊர்களில் இருக்கிறார்கள். ஊர் அவர்கள் வீட்டுக்குச் 'சிங்கப்பூரார் வீடு', 'துபாய்க்காரர் வீடு' என்று பெயர் வைத்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளைத் தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணம். தண்ணீர் முதலில் வருகிற தலைமடையில் தொடங்கி, கடைசியில் வந்து சேர்கிற கடைமடைக்குப் போகிறோம். எல்லாம் காவிரித் தண்ணீர்தான். ஆனால் வீடு எந்த மடையில் இருக்கிறதோ அதற்கேற்றபடி போர் (ஆழ்துளைக் கிணறு), தொட்டி, கழிவறை, கூரை, வீட்டுச் செலவு எல்லாமே மாறும். வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் கல்லணை பக்கம்தான். இங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. கால்வாய் 1934இல் மேட்டூர் அணையோடு வந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். மேட்டூரில் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். இந்த இரண்டு தேதிகளையும் வீடு வாங்குகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் இதுதான். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் போர் போட்டால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் கொட்டும், போடுகிறவரும் 'போதும் சார்' என்று சொல்லிவிடுவார். மாசி, பங்குனியில் ஆறு மணலாகக் கிடக்கும்போது அதே போர் காற்றைக் கக்கும். ஆகவே ஆழத்தை முடிவுசெய்ய வேண்டிய மாதம் சித்திரை, வைகாசி. மழைக்காலத்தில் போட்டே தீர வேண்டும் என்றால், பக்கத்து வீடுகளில் வைகாசியில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று நாலு பேரிடம் கேட்டு, அதற்கும் கீழே இரண்டு மூன்று குழாய் நீளம் கூடுதலாக இறக்கச் சொல்லுங்கள்.

இது வண்டல் மண். பாறை நாட்டுப் போர் மாதிரி மேலே மட்டும் கேசிங் (காப்புக் குழாய்) போட்டு விட்டுவிட முடியாது, அடிவரை குழாய் இறங்க வேண்டும். மணல் அடுக்கு வருகிற இடத்தில் துளை போட்ட ஃபில்டர் குழாய் வைத்து, சுற்றிலும் கூழாங்கல் நிரப்ப வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் மோட்டார் மணலை இழுக்கும், உள்ளே இருக்கிற சக்கரம் தேயும். சோதிப்பது எளிது. புதுப் போர் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் தங்கினால் இன்னும் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து மறுநாள் காலை மேலே செம்பழுப்பு ஆடை படிந்தால் இரும்புச் சத்து இருக்கிறது என்று பொருள். அதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். துளையிட்ட தட்டு வழியாகச் சாரலாக விழவைத்து, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி நின்றுவிடும்.

திருவையாற்றில் இரவு. படித்துறையில் தண்ணீர் மூன்றாம் படிவரை நிற்கிறது.

இரண்டாம் நாள்: பாபநாசம் பக்கத்துக் கிராமம்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைத் தாண்டியாயிற்று. இங்கே நடவு முடிந்த சம்பா வயல் இளம்பச்சையாக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் ஓட்டு வீட்டுக்காரர்கள் முடித்திருக்க வேண்டிய வேலைகளை இன்று ஒரு வீட்டில் வரிசையாகப் பார்த்தோம்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகிற பழைய வீடு. நாட்டு ஓடு. ஓடு மாற்ற ஆள் வேண்டுமானால் ஆவணியிலேயே சொல்லிவைக்க வேண்டும், புரட்டாசியில் எல்லா வீட்டுக்காரர்களும் அதே ஆளைத் தேடுவார்கள். குரங்கும் பூனையும் ஓடியதில் நகர்ந்த ஓடுகள்தான் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம். உடைந்தவை கொஞ்சம்தான் இருக்கும். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே தேடினால் ஓட்டை கிடைக்காது. தண்ணீர் சட்டத்தின் வழியே கீழ்நோக்கி ஓடி, ஏதோ ஒரு முடிச்சில்தான் சொட்டும். கறையிலிருந்து மேட்டுப் பக்கமாக இரண்டு மூன்று முழம் தள்ளிப் பாருங்கள். இரண்டு சாய்வுகள் கூடுகிற மூலையில் போட்டிருக்கும் தகரம் துருப்பிடித்தால் ஓடுகளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, தகரத்தைத்தான் மாற்ற வேண்டும். இருபது முப்பது பழைய ஓடுகளைக் கொல்லையில் அடுக்கி வைத்திருப்பது இந்த வீட்டுக்காரர்களின் நல்ல பழக்கம். அந்த அளவில் இப்போது புதிதாக வாங்கத் தேடினால் கிடைப்பது அரிது.

முற்றத்து நீர் வெளியே போகிற தூம்பு அடுத்த வேலை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் இந்த ஒரு துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடைத்தால் அரை மணி மழையில் கூடத்துக்குள் தண்ணீர் ஏறும். மூங்கில் கழியை இரு பக்கமும் விட்டுக் குத்திவிட்டு, இரண்டு குடம் தண்ணீரை வேகமாக ஊற்றி, தெருப்பக்கம் எத்தனை வேகத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். உள்வாயில் கம்பி வலை போட்டால் தவளையும் அதைத் துரத்தி வருகிற பாம்பும் நுழையாது. ஆனால் வலையில் இலை சேரும். மழை நாளில் காலையிலும் மாலையிலும் எடுத்துப்போட வேண்டும்.

வயதானவர்களுக்கு இந்த வீடுகளில் ஆபத்து எங்கே என்றால் கொல்லைக் கழிவறையில். ராத்திரி எழுந்து, உயரமான நிலைப்படி தாண்டி, பாசி பிடித்த தளத்தில் நடந்து போக வேண்டும். திரும்பி வந்தவர்கள் கையில் காசு இருக்கும்போது முதலில் சமையலறையைத்தான் மாற்றுகிறார்கள். அது பிறகு ஆகட்டும். படுக்கையறையை ஒட்டி மேற்கத்திய பாணிக் கழிவறை, சுவரில் பிடி, சொரசொரப்பான தரை, வழி நெடுக இரவு விளக்கு என்று இதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும். சிவப்புக் காவித் தரை கண்ணுக்கு அழகு, ஆனால் ஈரம் பட்டால் எண்ணெய் தடவினமாதிரி வழுக்கும். நடக்கிற பாதையில் தேங்காய்நார் மிதியடி நீளமாகப் போட்டுவிடலாம்.

கறையான் பற்றி ஒரு வரி. பனஞ்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, 'டொக்கு டொக்கு' என்று உள்ளே வெற்றாகக் கேட்டால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் நாள்: அதே ஊர், ஒரு முழு நாள்

விடியற்காலை ஐந்தரைக்குக் கோயில் ஒலிபெருக்கி, ஆறு மணிக்குப் பால். கறந்த பால் வாங்குகிறவர்கள் பொங்கிய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கிண்டிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். கறவை வற்றுகிற காலத்தில் பாக்கெட் பால் தேவைப்படும். ஆவின் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை நாலரை, ஆரஞ்சு 6. சர்க்கரை, கொழுப்பு பார்க்கிறவர்களுக்கு நீலம் போதும், காபி கொஞ்சம் மெலிசாக இருக்கும்.

பஞ்சாயத்துக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அந்த நேரத்துக்கு வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விதிப்படி அது தவறு. அதோடு குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கீழே ஒரு சின்னத் தொட்டியில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றுவதுதான் சரி.

மேல்தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். தேய்த்துக் கழுவி நிரப்பிய பிறகு நல்ல பிளீச்சிங் பவுடர், 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். ஏறக்குறைய அரை தேக்கரண்டிதான். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். பவுடரைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும், சின்ன டப்பாவாக வாங்கி இறுக்கி மூடுங்கள்.

மோட்டார்தான் இங்கே அடிக்கடி தகராறு செய்வது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கும் மிக்ஸியும் மோட்டாரும் ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் பையன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்: "பெரியம்மா, இப்ப மோட்டார் போடாதீங்க, கரண்ட் டிம்மா வருது." அவன் சொல்வது நியாயம். அழுத்தம் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சூடாகி, காயில் கருகும். காலை பத்து மணிக்குப் போடுவது நல்லது. மோட்டார் 'உம்ம்' என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். பழையதின் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணைப் பார்த்து அதே அளவில் ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகும். ஆனால் மாற்றுவதற்கு ஆளைக் கூப்பிடுங்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் அடி இருக்கும். தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் நீர்மட்டம் இறங்குகிறது, அல்லது சக்கரம் தேய்கிறது, அல்லது குழாயில் எங்கோ கசிகிறது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் வரை மின்சாரம் இருக்காது. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று 12 வோல்ட் இன்வெர்ட்டரில் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடலாம். 1,800 வாட் மணி கொள்ளளவில் எண்பது சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டர் சேதாரமும் கழித்தால் கைக்கு 1,200 வரும். பழைய விசிறி இரண்டும் சேர்த்து 150 வாட், நாலு எல்.இ.டி. விளக்கும் சேர்த்து 36 வாட், ஆக ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். விசிறியை முப்பது வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் பத்து மணி நேரத்தைத் தாண்டும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட இதுவே சிக்கனம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், போர் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கூடாது. ஈரச் சுவர் உள்ள பழைய வீட்டில் மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போட வேண்டும். மழைநாளில் அது அடிக்கடி விழுந்தால் அதைக் குறை சொல்லிக் கழற்றிவிடாதீர்கள், எங்கோ ஈரத்தில் மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது.

வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும், எலியின் பின்னால் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் மூன்றும் இங்கே உண்டு. இவற்றில் கட்டுவிரியனைப் பற்றித்தான் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாததால் காலைவரை தெரியாமலே போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தானாகத் தொங்குதல், விழுங்க முடியாமை என்றால் கடி தெரியாவிட்டாலும் அதை நினைக்க வேண்டும். தடுக்கும் வழி கட்டில், அதன் மேல் கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுதல். கொல்லைக்குப் போனால் டார்ச். விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் குச்சி வைத்து லேசாகக் கட்டி, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, ராத்திரி மருத்துவர் எங்கே இருப்பார் என்பதை ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வெளிநாட்டு மருத்துவர் எழுதிய மருந்தின் கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

நான்காம் நாள்: மழை. திண்ணையில் பத்திரக் கட்டு

காலையிலிருந்து விடாத மழை. வெளியே போக முடியாததால் காகிதங்களைப் பார்த்தோம்.

டெல்டாவில் வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அடிமனை யாருடையது? இங்கே பல தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, மனை கோயிலுடையதோ ஆதீனத்துடையதோ. பகுதி (அடிமனை வாடகை) கட்டிக்கொண்டு தலைமுறையாக இருப்பார்கள். கோயில் மனையைக் கிரயம் பண்ண முடியாது, பதிவும் ஆகாது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் தெரியாமல் சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. பதிவே நடக்காத மனைக்கு வில்லங்கம் எப்படி வரும்? கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் பட்டியலான 'ஏ' பதிவேட்டைப் பார்த்து, நத்தம் பட்டா யார் பெயரில் என்று உறுதிசெய்யுங்கள்.

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் வீடு வாங்கலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டை ஒட்டிய கொல்லை தனி சர்வே எண்ணில் நஞ்சை என்று பதிவாகியிருக்கும் இடங்கள் உண்டு. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நில அளவை வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த எண் எங்கே முடிகிறது என்று காலால் நடந்து பாருங்கள்.

பரம்பரை நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுகிறவரைக் காக்கிறது, நியாயக் குத்தகை மகசூலில் நாலில் ஒரு பங்கு. வாய்ப்பேச்சில் விட்டுவிட்டுப் பத்து வருஷம் கழித்து வழக்குப் போடுவதைவிட, முதல் நாளே எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது உழுகிறவருக்கும் மரியாதை.

பணம். நிரந்தரமாகத் திரும்பியதும், வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்கு உண்டு. முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கானவருக்கும், முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இராதவருக்கும் வருமான வரியில், வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் வரி போடாத ஓர் இடைநிலைத் தகுதி கிடைக்கும். அது ஓரிரு வருஷச் சலுகை, அதற்குள் வெளிநாட்டுக் கணக்குகளை ஒழுங்குபடுத்திவிட வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசத்தைக் கைவிட்டு வந்த இந்தியக் குடிமக்கள் சி.பி.எஃப். (அந்நாட்டுச் சேமநிதி) பணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வாழ்கிறவருக்கு ஆண்டுதோறும் கூடுவதில்லை, வந்து குடியேறியபோது இருந்த தொகையிலேயே நின்றுவிடும். கிராமத்துச் செலவைக் கணக்குப் போடும்போது இருபது வருஷ விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். உறையில் தபால் முத்திரை உள்ள பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுவே சாட்சி.

ஐந்தாம் நாள்: மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி

மன்னார்குடி ஹரித்ரா நதிக் குளம் நிரம்பிக் கிடக்கிறது. அதைத் தாண்டித் தெற்கே போகப் போக நிலம் தட்டையாகிறது, வாய்க்கால் ஓட்டம் மந்தமாகிறது. கடைமடை. தண்ணீர் குறைந்த காலத்தில் அது கடைசியாக வந்து சேரும் ஊர்களும் இவைதான், மழையில் வடியாத தண்ணீர் முதலில் நிற்கும் ஊர்களும் இவைதான்.

இங்கே வீடு பார்க்கிறவர்கள் வீட்டைவிட வடிகாலைப் பார்க்க வேண்டும். வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும். பழைய சுவர்களில் எவ்வளவு உயரத்துக்குக் கறை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வாய்க்கால் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டால் எந்தத் தெரு முதலில் முழுகும் என்று சரியாகச் சொல்வார்.

நிலத்தடி நீர் மேலே ஏறுவதால் செப்டிக் டேங்க்தான் இங்கே பெரிய பாடு. உறிஞ்சுகுழியில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் கழிவறை திரும்பக் கக்கும். காசு கொடுத்து லாரியில் உறிஞ்சியெடுத்தாலும் ஒரே வாரத்தில் நிலத்தடி நீர் உள்ளே புகுந்து நிரம்பிவிடும். தொட்டியின் அடியும் சுவரும் கசியாமல் பூசப்பட வேண்டும், கழிவறைத் தளம் தெருமட்டத்தைவிட இரண்டடியாவது உயர வேண்டும், உறிஞ்சுகுழி மேட்டில் இருக்க வேண்டும், கிணற்றுக்கும் போருக்கும் ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும். சுத்தம் செய்ய மனிதரை உள்ளே இறக்கவே கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அதோடு அந்த விஷவாயு ஆளை நொடியில் கொல்லும்.

குடிநீருக்கு, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம், வடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதும். 2,000 வரை வேறு வழியில்லாத இடத்தில் குடிக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. தலைமடையில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் நல்ல தண்ணீரின் பெரும்பகுதியைச் சாக்கடையில் விடுகிறார்கள். கடைமடையில் அது தேவை. வெளியேறுகிற உப்புநீரைச் செடிக்கு ஊற்றாமல் கழிவறைக்குப் பிடித்து வையுங்கள்.

ஆறாம் நாள்: வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி ரயில் 2023 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கியது. மெதுவான பயணம், சன்னலுக்கு வெளியே உப்பளம்.

மணல்மேட்டில் மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கைக்கெட்டும் கிணற்றில் இனிக்கும், பேராசையோடு ஆழப் போட்டால் உப்பு. ஒரேயடியாக வேகமாக இறைத்தாலும் கீழிருந்து உப்பு ஏறும். கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, மறுபடி இறைக்க வேண்டும். முதல் நாள் கல்லணையில் சொன்ன 'ஆழமாகப் போடு' என்பது இங்கே தலைகீழ்.

2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, உள்கிராமங்களில் மின்சாரம் திரும்பப் பல வாரம் ஆனது. முதியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்கு அந்தப் புயல் சொல்லிக்கொடுத்தவை இங்கே எல்லாருக்கும் தெரியும். தென்னையை வீட்டிலிருந்து அதன் முழு உயரத்துக்காவது தள்ளி நட வேண்டும். தகரக் கூரையின் ஓரத்திலும் மூலையிலும் கொக்கி போல்ட் நெருக்கமாக வேண்டும், காற்று முதலில் ஓரத்தைத்தான் கிளப்பும். செல்போன் கோபுரம் நின்றுவிடும் என்பதால் பேட்டரியில் ஓடும் வானொலிப்பெட்டி வேண்டும். ஏ.டி.எம். இயங்காது, சில்லறைப் பணமாக வீட்டுச் செலவுக்கு ஒரு மாதத்துக்கானது இருக்கட்டும். ஐப்பசி பிறந்ததும் ஒரு மாத மருந்து, நிரம்பிய ஒரு சிலிண்டர், மூடிய குடங்களில் ஆளுக்கு இருபது லிட்டர் குடிநீர்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இரண்டு மண்பானை இருக்கட்டும். பெரியதற்குள் சின்னது, நடுவில் ஈர மணல், உள்ளே மருந்தைக் கசியாத டப்பாவில் வைத்து ஈரத்துணி போட்டு மூட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி அளவுக்குக் குளிராது, ஆனால் வெயில் சூட்டிலிருந்து காக்கும். பயன்பாட்டில் இருக்கும் மருந்து அறை வெப்பத்தில் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும். டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தேதியைக் குறித்து வையுங்கள்.

ஏழாம் நாள்: காரைக்கால், மயிலாடுதுறை

காரைக்காலில் அரசலாறு கடலில் சேர்கிறது. ஓய்வுக்காலம் என்றால் இந்த ஊருக்குத் தனிக் கதை. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பங்கள் இங்கே உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரைச் 'சொல்தா' என்பார்கள். யூரோவில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்று அனுப்பியாக வேண்டும், தவறினால் பணம் நின்றுவிடும், மறுபடி ஓடவைக்க மாதக்கணக்காகும். எந்த நாட்டு ஓய்வூதியமானாலும் இதே கதைதான். கடிதம் கிராமத் தபாலில் தாமதமாகும், ஆகவே வரவேண்டிய மாதத்தை நாட்காட்டியில் குறித்து, வராவிட்டால் நீங்களே கேளுங்கள். பெயரின் எழுத்து கடவுச்சீட்டில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம் இருந்தால் சான்று திரும்பி வரும். முன்னெழுத்தை விரித்து எழுதுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

காரைக்காலிலிருந்து பேருந்தில் மயிலாடுதுறை. 'ஆயிரமானாலும் மாயூரமாகாது' என்கிற ஊர். ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா முழுக்கு, கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. நடக்க முடியாமல் தாமதமாக வந்தவருக்காக ஒரு நாள் நீண்டது என்பது ஐதீகம். வயதானவர்கள் கூட்டமான கடைமுகத்தை விட்டு, மாதத்தின் நடுவில் வாரநாள் காலையில் வந்தால் நிதானமாகக் குளிக்கலாம். கடைசி இரண்டு படிகளில் பாசி இருக்கும். செருப்பைக் கழற்றிய பிறகு ஒரு காலை ஊன்றி, அது நிலைத்ததும் அடுத்த காலை வைக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் போதாத நாட்களும் உண்டு, அப்போது செம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

ஈர வேட்டியைப் பிழிந்து பையில் வைத்தாயிற்று. தஞ்சாவூர்ப் பக்கம் போகும் ரயிலில் கும்பகோணம் தாண்டியதும் இடது, வலது இரு பக்கமும் வயலில் தண்ணீர் நிற்கிறது. பாபநாசத்து வீட்டில் இந்நேரம் தூம்பு வாய் வலையில் சேர்ந்த இலையை இரண்டாம் முறை எடுத்துப்போட்டிருப்பார்கள்.